மூடிய சூளைக்கு முன்னால் ஒரு நாற்காலி

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் இருந்தது எங்கள் கம்பெனி. வீட்டு மீட்டர் பலகையில் மாட்டுகிற ஃபியூஸ் கட்டை, கம்பத்தில் மின்கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டர், இந்த இரண்டும்தான் எங்கள் சரக்கு. நான் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. பெயர் கோவிந்தராசு. இந்தக் கதையில் எனக்குப் பெரிய பங்கு எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவன், அவ்வளவுதான். சொல்லப்போவது ஜோஸ்பின் மேடத்தைப் பற்றி.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தபோது அவர் வகுப்பில் இரண்டே பெண்கள். இன்னொருவர் கல்யாணமாகித் திருச்சிப் பக்கம் போய்விட்டார். ஜோஸ்பின் எண்பத்தெட்டில் எங்கள் கம்பெனியில் சேர்ந்து, சூளைக்கும் சோதனைச்சாலைக்கும் பொறுப்பாளராக ஆனார். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. கணவர் சகாயம் பஸ் டிப்போவில் மெக்கானிக்.

எங்கள் சூளை செங்கல் சூளை மாதிரி இருக்காது. ஓர் அறை அளவுக்கு இரும்புக்கூடு, உள்ளே சூடு தாங்குகிற தீக்கல். காய்ந்த சரக்கைத் தட்டுத் தட்டாக டிராலியில் அடுக்கி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவோம். ஆயிரத்து இருநூற்றைம்பது டிகிரி வரை சூடு ஏறும். பிறகு தானாக ஆற வேண்டும். நூறு டிகிரிக்குக் கீழே இறங்க ஒன்றரை நாளாவது ஆகும். அதற்கு முன்னால் கதவைத் திறந்து காற்றை விட்டால் பீங்கானுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விழும். மின்கம்பியைத் தாங்குகிற சாமானில் கீறல் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பதினாறு வருடம் இது ஒழுங்காகத்தான் நடந்தது. 2004இல் கோதண்டபாணி மேனேஜராக வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாளி சென்னையில் இருந்தார். தினமும் காலையில் அங்கிருந்து போன் வரும்போது கோதண்டபாணி எழுந்து நின்றுதான் பேசுவார். அவர் மேஜை டிராயரில் பிரஷர் மாத்திரை அட்டை கிடக்கும். வந்த மாதமே ஒரு வெள்ளைப் பலகை வாங்கி ஆபீஸ் சுவரில் மாட்டினார். எந்த ஆர்டர், எந்தத் தேதி என்று சிவப்பு மையில் எழுதினார். டெட்லைன் என்ற வார்த்தையை எங்கள் ஆட்கள் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார்கள். டீக்கடைக்காரர்கூட, "என்னாங்க, இன்னிக்கு டெட்லைனா? மொகமே சரியில்லியே?" என்று கேட்க ஆரம்பித்தார்.

தேதிகள் கிட்டக் கிட்ட வந்தன. இருபது நாள் வேலை பதினைந்து நாளாயிற்று, பதினைந்து பன்னிரண்டாயிற்று. அச்சு வடிவமைக்கிறவர் ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்து, ஒரு திங்கட்கிழமை வராமலேயே நின்றுவிட்டார். எனக்கு வயிற்றில் எரிச்சல் வந்தது. பாட்டில் பாட்டிலாக ரோஸ் நிற மருந்தைக் குடித்தேன். ஜோஸ்பின் மேடத்துக்கு வந்ததை நாங்கள் உடனே கண்டுகொள்ளவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே சூளையின் டிகிரி கணக்கை எழுதுவார். மூன்று மணிக்கு அந்த டப்பா அப்படியே மூடப்படும். பெண்களுக்கான கழிப்பறை தொழிற்சாலையின் மறு கோடியில் இருந்தது. போய்வரப் பத்து நிமிஷம் ஆகிறதே என்று போகாமலே இருந்து நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சலோடும் வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் சாமியார், "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றபோது, எல்லாரும் "உம்மோடும் இருப்பாராக" என்று சொல்ல, இவர் வாயிலிருந்து "ஆயிரத்து இருநூறு பீஸ் சார்" என்று வந்துவிட்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சகாயம் சிரிக்கவில்லை. மறுநாளே ஜங்ஷன் ரோட்டு டாக்டரிடம் அழைத்துப் போனார். பிரஷர் நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது.

"வேலைய வுட்டுடு ஜோசு. நான் இருக்கேன்ல?"

"வேல என்னாங்க பண்ணுது? வேல நல்ல வேலதான். அந்தப் பலகைதான்..." என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இதெல்லாம் பின்னாளில் அவர்களே எனக்குச் சொன்னது.

2006 ஏப்ரலில் புதுச்சேரி கான்ட்ராக்டர் ஒருவருக்கு இன்சுலேட்டர் ஆர்டர் இருந்தது. பலகையில் ஏப்ரல் 13 என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார் கோதண்டபாணி. அன்று பெரிய வியாழன். மறுநாள் பெரிய வெள்ளியும் தமிழ்ப் புத்தாண்டும் ஒரே நாளில் வந்திருந்தன. லாரி கிடைக்காது. காலை பதினோரு மணிக்குச் சூளையின் வெப்பமானி முந்நூற்றுப் பத்தைக் காட்டியது. இரண்டு மணிக்கு லாரி வந்து நிற்கும்.

மேடத்துக்குக் கீழே சூளையில் வேலை பார்த்தவர் தங்கதுரை. ஐம்பது வயதை நெருங்கிய மனிதர். இருபது வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர்.

"மேடம், முந்நூறுல தொறந்தா தட்டே வெடிச்சிடுங்க. நாளைக்கு மத்தியானம் வரிக்கும் வுட்டாதான் ஆவும்" என்றார்.

கோதண்டபாணி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். ஜோஸ்பின் மேடம் அவரைப் பார்த்தார், மானியைப் பார்த்தார். பிறகு, "தொறந்துடுங்கண்ணே. கொஞ்சம் கொஞ்சமா தொறங்க" என்றார்.

தங்கதுரை கதவை நான்கு விரல் அளவுக்குத் திறந்து, ஃபேனைத் திருப்பி வைத்து, அரை மணி நேரம் காற்றைப் பாய்ச்சினார். உள்ளே டிங் டிங்கென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் டிராலியை இழுத்தார். பாதி வெளியே வந்தபோது அடித்தட்டு வெடித்துப் பிளந்தது. மேலே இருந்த அடுக்கு முழுவதும் அவர் பக்கம் சரிந்தது. சூடான தட்டைத் தடுக்கத்தான் கையை நீட்டினார். வலது முன்கையும் தொடையும் வெந்துபோயின. நாங்கள் நான்கு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

நம்ப மாட்டீர்கள், லாரி இரண்டு மணிக்கு வந்தது, மூன்று மணிக்குக் கிளம்பியது. உடையாமல் தப்பிய பீங்கானை ஆற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தோம். லேபிள் ஒட்டியவன் நான். சோதனை செய்ய நேரமில்லை. மேடம் சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். விபத்து அறிக்கையும் நான்கு மணிக்குள் போக வேண்டும் என்றார் கோதண்டபாணி. அவரே வாசகம் சொன்னார்: மேற்பார்வையாளரின் அனுமதி இல்லாமல் தொழிலாளி தானாகச் சூளையைத் திறந்தார். மேடத்தின் பேனா ஒரு நிமிஷம் காகிதத்தின் மேல் நின்றது.

"ஜோஸ்பின், மணி மூணு அம்பது" என்றார் கோதண்டபாணி.

அதிலும் கையெழுத்துப் போட்டார்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அவரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தங்கதுரை கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். அவர் மனைவி ராஜாம்பாள் எழுந்து மேடத்துக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம். ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க வாணாம்னு சொல்லச் சொல்ல இவரு கேக்காம தொறந்துட்டாராமே? ஆபீஸ்லருந்து வந்தவங்க அப்டிதான் சொன்னாங்க. நெசமாங்க?"

தங்கதுரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். 'நீங்கதானே சொன்னீங்க' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேடம் ஸ்டூலில் உட்காராமலே நின்றார். ராஜாம்பாளின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே வெளியே வந்தார். படிக்கட்டில் இறங்கும்போது என் பக்கம் திரும்பி, "கோவிந்தராசு, எனக்கு வாயே வரலப்பா" என்றார்.

இரண்டு மாதம் போயிற்று. மேடம் வேலைக்கு வந்தார், போனார். அவருக்கு வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. டிகிரி கணக்கு எழுதும்போது இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். அதே புதுச்சேரி கான்ட்ராக்டருக்கு அடுத்த ஆர்டர் வந்தது. பலகையில் ஜூன் 22. அன்று காலை பத்து மணிக்கு மானி முந்நூற்று நாற்பதில் நின்றது. தங்கதுரை இடத்தில் இரண்டு புது ஆட்கள் சூளைக்கு வந்திருந்தார்கள்.

மேடம் என் மேஜைக்கு வந்தார். "அந்தப் புதுச்சேரி ஸ்டோர் நம்பர் குடுங்க. ரெண்டு நாள் டயம் கேட்டுப் பாக்குறேன்."

எங்கள் யாருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. வாடிக்கையாளரோடு பேசுவது மேனேஜர் வேலை. ஆர்டர் காகிதங்களும் அவர் அலமாரியில்தான் இருக்கும். கோதண்டபாணி அப்போது குடோனில் இருந்தார். நான் நம்பரைச் சுழற்றிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் எடுத்தவர் ஸ்டோர் கீப்பர் சலீம். நல்ல உரத்த குரல், எனக்கே கேட்டது.

"ரெண்டு நாளா? எதுக்குங்க மேடம்? ஆர்டர்ல ஜூலை பத்துன்னுதான போட்டிருக்குது?"

"ஜூலை பத்தா?"

"ஆமாங்க. இப்ப நீங்க அனுப்புனாலும் வெக்கறதுக்கு எடம் இல்லிங்க. ஏப்ரல்ல வந்த பொட்டியே இன்னும் பிரிக்காம அப்டியே கெடக்குது. அது ஏப்ரல் கடைசில வந்தாப் போதும்னு சொல்லியிருந்தோம், நீங்கதான் முன்னாடியே அனுப்பிட்டீங்க."

மேடம் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். சலீம் இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்றார். "அந்தப் பொட்டிய பிரிக்காதீங்க பாய். நான் மறுபடி கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ரொம்ப நாள் தூங்காமல் இருந்த ஒருவர் அப்போதுதான் முழுதாக விழித்த மாதிரி இருந்தார். நேராகப் பலகைக்குப் போனார். ஜூன் 22ஐ உள்ளங்கையால் அழித்தார். கை நிறைய சிவப்பு. ஜூலை 10 என்று பெரிதாக எழுதினார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சூளைக் கொட்டகைக்குப் போய், கதவுக்கு மூன்றடி முன்னால் போட்டு உட்கார்ந்தார். ஜூன் வெயிலில், முந்நூற்று நாற்பது டிகிரி சூளையின் வாசலில்.

கோதண்டபாணி பத்து நிமிஷத்தில் வந்தார்.

"என்ன ஜோஸ்பின் இது? ஆளுங்களத் தொறக்கச் சொல்லுங்க."

"நூறுக்குக் கீழ எறங்கட்டும் சார்."

"லாரி சொல்லியாச்சு."

"திருப்பி அனுப்புங்க. ஜூலை பத்துக்குதான வேணும்? சலீம் பாய்கிட்ட பேசிட்டேன்."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனால் சீக்கிரமே சமாளித்துக்கொண்டார். "பாருங்க, எல்லா எடத்துலயும் இப்படித்தான். உள்ள தேதிய உள்ளபடி சொன்னா யாரும் முடிக்க மாட்டாங்க. கையில நாலு நாள் இருந்தாதான் நிர்வாகம் பண்ண முடியும்."

"அந்த நாலு நாள் எங்கருந்து சார் எடுத்தீங்க?" மேடம் எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "தங்கதுரை அண்ணன் கையிலருந்து எடுத்தீங்க. என் ஒடம்புலருந்து எடுத்தீங்க. இல்லாத ஒரு தேதிக்கு அந்த மனுசன் வெந்துபோனாரு. நானும் கூட நின்னு தொறங்கன்னு சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன்."

"சஸ்பெண்ட் பண்ண வேண்டியிருக்கும்."

"எழுத்துல குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா இந்தக் கதவு இன்னிக்குத் தொறக்காது."

கோதண்டபாணி எங்களைப் பார்த்தார். கொட்டகையில் பதினைந்து பேராவது இருந்தோம். "கோவிந்தராசு, நீங்க ரெண்டு ஆளக் கூட்டிக்கிட்டுத் தொறங்க" என்றார். முன்னால் வந்து மேடத்தின் பக்கம் நின்றேன் என்று சொல்ல ஆசைதான். நிற்கவில்லை. ஆனால் சூளைப் பக்கமும் போகவில்லை. கால் நகரவில்லை. புது ஆட்கள் இருவரும் கையுறையைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். மண் பிசைகிற காசியம்மாள், "எறங்கட்டுமே சார், யாரு கேக்கப் போறா?" என்றார். கோதண்டபாணி தானே கதவுப் பிடியைத் தொடப் போனார். ஓரடி தள்ளியே கையை இழுத்துக்கொண்டார். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் அவர் அதுவரை வந்ததே இல்லை.

மேடம் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் இரண்டு முறை எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், அவசரப்படாமல் கழிப்பறைக்குப் போய்வந்தார். சகாயம் டிப்போவிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தார். மேடம் எல்லார் முன்னாலும் டப்பாவைத் திறந்து முழுசாகச் சாப்பிட்டார். கிளம்பும்போது கதவுப் பூட்டின் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் மானி தொண்ணூறைக் காட்டியபோதுதான் சூளை திறந்தது. ஆயிரத்து இருநூறில் ஏழு பீங்கான்தான் கழிவு.

சஸ்பெண்ட் கடிதம் வரப் பத்து நாள் ஆயிற்று. முதலாளியைக் கேட்க வேண்டுமே. அந்தப் பத்து நாளை மேடம் வீணாக்கவில்லை. ஏப்ரல் பெட்டிகளில் இரண்டைச் சலீமிடம் சொல்லித் திருப்பி வரவழைத்தார். நூறு பீங்கானைச் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகச் சுத்தியால் உடைத்துப் பார்த்தார். கீறல் இருந்தால் சாயம் உள்ளே இறங்கியிருக்கும். முப்பத்தொன்றில் நரம்பு மாதிரி சிவப்புக் கோடு. அவற்றை அப்படியே வரிசையாகக் கோதண்டபாணியின் மேஜை மேல் அடுக்கினார். கான்ட்ராக்டருக்கும் எழுதினார்: ஏப்ரல் 13 அன்று நான் கையெழுத்திட்ட சான்றிதழ் தவறானது, அந்தச் சரக்கை எந்தக் கம்பத்திலும் ஏற்ற வேண்டாம். கடிதத்தை டைப் அடித்தது நான்தான். அன்றைக்குக் கை நகர்ந்தது.

சஸ்பெண்ட் கடிதம் கைக்கு வந்த மறுநாள் மேடம் கடலூருக்கு பஸ் ஏறினார். கூட தங்கதுரையும் ராஜாம்பாளும் போனார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் மேஜையில் புது விபத்து அறிக்கை ஒன்றை வைத்தார். தன் கைப்பட நான்கு பக்கம் எழுதியிருந்தார். ஆய்வாளர் முழுவதும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல உங்க மேலயும் தப்பு வருதேம்மா. தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"வரட்டுங்க. தொறக்கச் சொன்னது நான். பொய் அறிக்கையில கையெழுத்துப் போட்டதும் நான். ஆனா எதனால போட்டேன்னு ரெண்டாம் பக்கத்துல இருக்குது, அதையும் சேத்து விசாரிங்க."

ராஜாம்பாள் அங்கேதான் உண்மையை முதல்முறையாகக் கேட்டார். அழுதார். பிறகு மேடத்தைத் திட்டினார், ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல். "உங்கள நம்பித்தான அவரு அங்க நின்னாரு?" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற சீட்டில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து வந்தார்களாம். வடலூர் தாண்டுகிற வரை ராஜாம்பாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்து முதல் கவளத்தை மேடத்திடம் நீட்டினார்.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. தங்கதுரை மேல் தப்பில்லை என்று முடிவாயிற்று. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அவருக்கு வெப்பக் கணக்குப் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் சூளை திறக்கக் கூடாது என்று உத்தரவு ஒட்டினார்கள். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டார். கோதண்டபாணி இன்னொரு வருடம் இருந்து, ஓசூர்ப் பக்கம் போனார். அவருக்குப் பிரஷர் குறைந்ததா என்று தெரியவில்லை.

ஜோஸ்பின் மேடத்தை மறுபடி எடுக்கவில்லை. விசாரணை அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே எச்சரிக்கை என்று பதிவானது. அதைக் காட்டி ஊரில் மற்ற கம்பெனிகளும் எட்டு மாதம் கதவைச் சாத்தின. அவர் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. "நான் பண்ணதுக்குத்தான் எச்சரிக்க குடுத்தாங்க. பண்ண மாட்டேன்னு சொன்னதுக்குத்தான் இவங்க வேல குடுக்க மாட்டேங்கறாங்க. ரெண்டும் வேறப்பா" என்றார் என்னிடம். கடைசியில் பீங்கான் கப்பும் சாசரும் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தார். அதை நடத்துகிறவர் ஆரிஃபா; கணவர் வளைகுடாவில் இருந்தார். சேருகிற அன்றே, தேதி சொல்வது என் பொறுப்பு, வேறு யாரும் சொல்லக் கூடாது என்று மேடம் கேட்டாராம். ஆரிஃபா யோசித்துவிட்டு, "சரிக்கா, ஆனா சொன்ன தேதி தப்பக் கூடாது" என்றாராம்.

2009இல் ஒரு நாள் அங்கே போனேன். கை நடுக்கம் நின்றிருந்தது. மாத்திரை மட்டும் தொடர்கிறது என்றார், அது போகாதாம். பேசிக்கொண்டிருக்கும்போது சிதம்பரத்திலிருந்து யாரோ ஹோட்டல்காரர் போன் செய்தார். கல்யாண சீசன், இருநூறு கப், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

"வெள்ளிக்கெழம முடியாதுங்க. செவ்வாய்க்கெழம தரேன், முழுசா தரேன்... இல்லிங்க, திங்கக்கெழம கூட இல்ல... அவ்ளோ அவசரம்னா வேற எடத்துல வாங்கிக்கங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." சற்று நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க, செவ்வாய்க்கெழம" என்று சொல்லி போனை வைத்தார்.

பிறகு சாப்பாட்டு மணி பார்த்து எழுந்தார். "நீ சாப்புட்டியா கோவிந்தராசு? வா, கையக் கழுவு."